கத்தி தீட்டிய கல்

சி ரூசா கடற்கரைச் சாலையில் ஒரு தங்கும் விடுதி இருக்கிறது. அதன் வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெல்வெட் துணி விரித்து, மேலே சின்ன விளக்குப் போட்டு, ஐந்து பீங்கான் கிண்ணங்களை வைத்திருக்கிறார்கள். பழங்காலக் கடல் வணிகர்கள் தேநீர் அருந்திய கிண்ணங்கள் என்று கீழே உள்ள அட்டை சொல்கிறது. உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக அங்கே தங்கியபோது அந்தப் பெட்டியின் முன் நெடுநேரம் நின்றேன். ஐந்துமே மங்குகள். ரப்பர் மரத்தில் கம்பி வளையம் கட்டித் தொங்கவிட்டுப் பால் பிடிப்பார்களே, அந்த மங்குகள். ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில் நானே அவற்றைப் பெட்டி பெட்டியாகக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றின் அடியில் ஒட்டுப்பால் காய்ந்து கறுப்பாக இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தேயிலைக் கறை என்று நினைத்திருப்பார்கள். ஒரு வெளிநாட்டுத் தம்பதி தரையில் மண்டியிட்டு அதைப் படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் கணவர் என் பக்கம் திரும்பி, அழகாக இருக்கிறது அல்லவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அறைக்குப் போய் விடுதியின் கடிதத் தாளிலேயே அந்தக் காட்சியை வரைந்தேன். படம் போடுவது எனக்குக் கூட்டங்களில் வந்த பழக்கம். நிர்வாகி பேசிக்கொண்டிருக்கும்போது கிராணி தலையைக் குனிந்து எதையாவது எழுதினால், குறிப்பெடுக்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும். முப்பது வருடம் அப்படித்தான் தோன்றியது.

அந்த ஒரு படத்திலிருந்து ஒரு வரிசையே உண்டாயிற்று. இரண்டாவது படத்தில் ஆயாக் கொட்டகை. தாய்மார்கள் பாலுக்காக மரம் சீவப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. தூளி கட்டுவதற்காக அதன் உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் இருக்கும். என் படத்தில் இரண்டு அறிஞர்கள் அவற்றைத் தூக்குத் தண்டனைக் கொக்கிகள் என்று விளக்குகிறார்கள். ஒரு சுற்றுலாப் பயணி தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். மூன்றாவதில், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் இருந்த பொதுக் கழிப்பறையின் சிமெண்டு வாய்க்காலை அரசி நீராடிய குளம் என்று கண்டுபிடித்துவிட்டு, ஒரு பேராசிரியர் கண்ணை மூடி வாசனைத் தைலத்தின் மிச்சத்தை முகர முயல்கிறார். இவற்றைப் பழைய தோட்டத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பலமாகச் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்துவிட்டால் மனிதன் அடுத்ததைத் தேடத் தொடங்குகிறான்.

அடுத்தது தானாகவே வந்தது. சிரம்பானில் பழம்பொருள் ஆர்வலர் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற டாக்டர். நகரத்தில் பல தலைமுறையாக வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். லிங்கி வட்டாரத்தில் உண்மையிலேயே பழைய நடுகற்கள் உண்டு. ஒரு வட்டாரத்தில் நான்கு கல் இருந்தால் ஐந்தாவதும் இருக்கத்தான் வேண்டும் என்பது இம்மாதிரிச் சங்கங்களின் நம்பிக்கை. நான் வேலை செய்த தோட்டம் அந்தப் பக்கம்தான். ரப்பர் போய் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. அங்கே ஒரு விசித்திரமான கல் இருப்பதாக யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வழிகாட்ட என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆறு பேர் வந்தார்கள். தொப்பி, தண்ணீர்க் குப்பி, மடக்கும் அளவுகோல், வண்ணப்பட்டை ஒட்டிய கம்பு. கல்லைப் பார்த்ததும் சுற்றி நின்றுகொண்டார்கள்.

முழங்கால் உயரம், ஒரு கட்டில் நீளம், கருங்கல். அதன் முதுகில் பதினான்கு பள்ளங்கள். ஒவ்வொன்றும் சின்னப் படகு போல நீளமாக, நடுவில் ஆழமாக, உள்ளே கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும். பதின்மூன்று பள்ளங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம். கல்லின் ஓரங்களில் சந்தனமும் குங்குமமும் படை படையாக ஏறி மரப்பட்டை போலத் தடித்திருக்கும்.

டாக்டர் மெதுவாகக் குனிந்து ஒரு பள்ளத்துக்குள் விரலை ஓட்டினார். “இது கற்கோடாலி தேய்ச்ச பள்ளம். புதிய கற்காலம். மத்த நாடுகள்ல இதே மாதிரி பார்த்திருக்கேன்,” என்றார். குரல் நடுங்கியது. “அப்ப இருந்து இன்னிக்கு வரைக்கும் இதை விடாம கும்பிட்டு வந்திருக்காங்க. இந்தக் குங்குமத்தைப் பாருங்க.”

அந்தக் கல் என்ன என்பது எனக்குத் தெரியும். அந்த இடம்தான் பழைய பெரட்டுக் களம். காலையில் வேலையாட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் இடம். பெயர் கூப்பிடும்வரை கல்லைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, மரம் சீவும் கத்தியை அதில் தீட்டுவார்கள். அவரவரிடம் சின்னச் சாணைக்கல் இருக்கும். ஆனால் முனை மழுங்கிப்போன கத்திக்கு இந்தக் கல்தான். கத்தியின் நுனி வளைந்திருப்பதால் பள்ளமும் படகு போல விழும். எல்லாரும் ஆபீசைப் பார்த்துக் குந்துவதால் பள்ளங்கள் ஒரே பக்கம் சாயும். குங்குமம் ஆயுத பூசைக்கு வைத்தது. அன்று லாரிக்கும் வைப்போம், பால் வாளிக்கும் வைப்போம், என் தட்டச்சு இயந்திரத்துக்கும் மூன்று பொட்டு வைப்போம். அந்தக் கணக்கில் என் தட்டச்சு இயந்திரமும் புதிய கற்காலம்தான்.

இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்துக்கு அந்த முகம் வேண்டியிருந்தது.

கல்லிலிருந்து முப்பதடி தள்ளி ஒரு லயம் நிற்கிறது. ஆறு கதவு, ஐந்து பூட்டிக்கிடக்கின்றன. ஆறாவதில் ஒரு பெண்மணி இருக்கிறார். அறுபத்தேழு வயது. பத்தொன்பதில் மருமகளாக வந்து, ரப்பர் இருந்தவரைக்கும் மரம் சீவினார். கணவர் இறந்துவிட்டார். மகன் சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போய் வாடகை அறையில் இருக்கிறான். வந்தவர்களுக்கு அவர் கருப்புக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார்.

“இந்தக் கல்லுக்கு என்னம்மா செய்வீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“வருசத்துக்கு ஒரு தடவ கழுவி, சந்தனம் குங்குமம் வச்சி, சூடம் காட்டுவோம்.”

“உங்களுக்கு முன்னாடி?”

“எங்க மாமியாரு செய்வாங்க. அவங்களுக்கு முன்னால யாரு செஞ்சாங்களோ.”

டாக்டர் எழுதிக்கொண்டார். அந்தப் பெண்மணி என்னை ஒரு தரம் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்துக்கொண்டேன்.

படம் நன்றாக வந்தது. தொப்பி வைத்த ஆறு பேர் கல்லைச் சுற்றி வணங்கி நிற்கிறார்கள். டாக்டர் பூதக்கண்ணாடியோடு விழுந்து கும்பிடுகிறார். கல்லின் மேல் ஒரு கோழி அலட்சியமாக நின்று அவர்களைப் பார்க்கிறது. குழுவில் இதற்குத்தான் எல்லாவற்றையும் விட அதிகச் சிரிப்பு. அது யார் யாருக்கோ போய், டாக்டருக்கும் போய்ச் சேர்ந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதற்காக வருத்தப்பட்டேன் என்று சொன்னால் அது பொய்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண்மணி தொலைபேசியில் கூப்பிட்டார். “ஐயா, கம்பெனி கடுதாசி வந்திருக்கு. மலாய்ல இருக்கு. பையன் படிச்சிட்டு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறான். நீங்க வந்து பாருங்க,” என்றார்.

விஷயம் இதுதான். தோட்டத்தை வாங்கிய கம்பெனி அங்கே வீடமைப்புத் திட்டம் கொண்டுவருகிறது. ரப்பர்க் காலத்திலிருந்து தோட்டத்திலேயே குடியிருந்து வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு மாற்று வீடு தரவேண்டும் என்பது நிபந்தனை. அவருடைய மனுவைக் கம்பெனி மறுத்திருந்தது. பிற்காலத்தில் குத்தகைக்குப் புல் வெட்ட வந்து, காலியாகக் கிடந்த லயத்தில் புகுந்துகொண்டவர் என்றது கடிதம். மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். ஆட்சேபம் இருந்தால் மாவட்ட அலுவலகத்தில் விசாரணை. கடிதத்தோடு ஓர் ஆதாரம் இணைத்திருந்தார்கள். பழம்பொருள் ஆர்வலர் சங்கத்தின் அறிக்கை, வண்ணப் படங்களோடு.

ஒரு வரியின் கீழ் சிவப்புக் கோடு போட்டிருந்தது. கல் இருக்கும் இடத்தில் அண்மைக்காலம் வரை குடியிருப்போ தொழிலோ நடந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை, அருகிலுள்ள ஒரே வீடு பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது என்று அறிக்கை சொன்னது. ஏன் அப்படி எழுதினார்கள் என்பது எனக்கு உடனே புரிந்தது. பள்ளங்களைக் கற்கால மனிதர்கள் தேய்த்தார்கள் என்று நிரூபிக்க, அங்கே வேறு யாரும் தேய்த்திருக்க முடியாது என்று காட்டவேண்டும். அதற்காக ஒரு தோட்டத்தையே, லயம் ஆபீசு ஆட்களோடு, எடுத்துவிட்டார்கள்.

நான் விளக்கிச் சொன்னேன். அவர் வாசல் படியில் உட்கார்ந்து கேட்டார்.

“அவங்க கேட்டப்பவே இது கத்தி தீட்டுற கல்லுன்னு சொல்லியிருக்கலாமேம்மா,” என்றேன்.

“கல்லு என்னான்னா கேட்டாங்க? கல்லுக்கு என்ன செய்வேன்னு கேட்டாங்க. சொன்னேன். நீங்க பெரிய கிராணி. பக்கத்துலயே நிக்கிறீங்க. நீங்களே வாயத் தொறக்கல. நான் என்னத்த சொல்ல? ஏதோ ஆபீசு விசயம் போலன்னு இருந்துட்டேன்,” என்றார்.

நான் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன்.

“பையன் போன்ல ஒரு படம் காட்டுனான். நீங்க போட்டதாம்லா. எல்லாரும் இருக்காங்க, கோழிகூட இருக்கு. நான்தான் காப்பி கொண்டாந்து குடுத்தேன். என்னையக் காணோம்.”

“கோழி நல்லா இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“கோழி நல்லாத்தான் இருந்துச்சி,” என்றார்.

எனக்குத் தெரிந்த வழி நடைமுறைதான். அதில் இறங்கினேன். சேமநிதிக் காகிதம் இருந்தது. ஆனால் அதில் பழைய கம்பெனியின் பெயர் இருக்கிறதே தவிர, அதன் ஐந்து தோட்டங்களில் அவர் எதில் இருந்தார் என்று இல்லை. அடையாள அட்டையில் மகனின் சுங்கை காடுட் முகவரி. ஆஸ்பத்திரிக் கடிதங்கள் ஒழுங்காக வந்துசேர வேண்டும் என்று மகனே மாற்றியிருந்தான். பழைய அண்டை வீட்டார் இருவர் எழுதிக்கொடுக்க முன்வந்தார்கள். இருவரும் உறவு முறை. எதிர்த்தரப்பு ஒரே வரியில் ஒதுக்கிவிடும். எஞ்சியது செக்ரோல். யார் எந்த வேலைக்கு வந்தார், எந்த லயத்தில் எந்தக் கதவு என்று மாதாமாதம் எழுதும் பெயர்ப் பதிவேடு. அதில் அவர் பெயர் நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருந்தது. எழுதியது நான்.

எரித்ததும் நான். தோட்டம் கைமாறியபோது, வைத்திருக்கவேண்டிய காலம் முடிந்த பதிவேடுகளை அழிக்கலாம் என்று உத்தரவு வந்தது. நான் பட்டியல் தயாரித்தேன். இரண்டு சாட்சிகளை நிறுத்தினேன். ரப்பர் தகடு உலர்த்திய புகைக்கூட அடுப்பில் போட்டு எரித்து, அழித்ததற்குச் சான்றிதழ் எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு தவறும் இல்லாத வேலை. அந்தச் சான்றிதழின் நகல் மட்டும் என்னிடம் இன்னும் இருக்கிறது.

சத்தியப் பிரமாணம் ஒன்று எழுதி, ஆணையர் முன் கையெழுத்திட்டு அனுப்பினேன். முன்னாள் பெரிய கிராணி என்ற முறையில் இன்னாரை இன்ன காலத்திலிருந்து அறிவேன் என்று. கம்பெனியின் பதில் மரியாதையாக இருந்தது. பிரமாணம் ஒரு முதியவரின் நினைவு மட்டுமே, அறிக்கையோ எந்தத் தரப்பையும் சாராத ஆராய்ச்சி என்றார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். இரண்டு காகிதங்கள் முரண்பட்டால், அச்சிட்ட காகிதம் ஜெயிக்கும். அந்த வரியை எழுதியவரே திரும்பப் பெற்றால்தான் உண்டு.

ஆகவே டாக்டர் வீட்டுக்குப் போனேன். கல் என்னவென்பதை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் என்னை உட்காரவைத்து, ஒரு கோப்பினை எடுத்து மேசைமேல் விரித்தார். என் படங்கள் எல்லாமே அதில் இருந்தன, நல்ல தாளில் அச்செடுத்து.

“ஆயாக் கொட்டகை படம் எனக்கு ரொம்பப் பிடிச்சது சார். வாய்விட்டுச் சிரிச்சேன். அடுத்தது நான்தான்னு தெரியல,” என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையால் நிறுத்தினார்.

“படம் போட்டதுக்கு இல்ல. எனக்கு எழுபத்தஞ்சு வயசாகுது. கேலி பண்ணுனா தாங்கிக்குவேன். அன்னைக்கு நீங்க என் பக்கத்துலதானே நின்னீங்க? காதுல சொல்லியிருக்கலாமே. ‘டாக்டர், அது கத்தி தீட்டுற கல்லு’ன்னு. நான் அங்கேயே சிரிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.”

வந்த விஷயத்தைச் சொன்னேன். கம்பெனிக் கடிதத்தைக் காட்டினேன். சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை எதுக்கு அவங்க எடுத்தாங்க? இது கல்லப் பத்தின கட்டுரை.”

“வீட்டப் பத்தியும் ஒரு வரி இருக்கு, டாக்டர்.”

“அந்த அம்மா எத்தனை வருஷமா இருக்காங்கன்னு நான் கேக்கவே இல்லையே,” என்றார். பிறகு, “நீங்க சொல்றதுக்காக மாத்த முடியாது. உங்க பேச்சை நம்பி ஒரு தரம் எழுதிட்டேன். இல்ல, உங்க பேசாமையை நம்பி. எனக்குக் காட்டுங்க,” என்றார்.

மறுநாள் காலை என் காரில் போனோம். அந்தப் பெண்மணி எங்களைப் பார்த்ததும் காப்பி போட உள்ளே போகத் திரும்பினார். டாக்டர் வேண்டாம் என்று தடுத்து, கையைக் கூப்பி, “உங்ககிட்ட பழைய கத்தி இருக்காம்மா?” என்று கேட்டார்.

இருந்தது. பிடி உடைந்து துணி சுற்றிய கத்தி. இப்போது தேங்காய் தோண்ட எடுத்து வைத்திருந்தார். கல்லில் தண்ணீர் தெளித்தார். பழைய ஆபீசு இருந்த திக்கைப் பார்த்துக் குந்தினார். அங்கே இப்போது செம்பனை மரங்கள்தான். இடது கையில் கத்தியைப் பிடித்து, வலது கையால் கல்லில் ஊன்றி, எதிர்ப்பக்கம் சாய்ந்த அந்த ஒற்றைப் பள்ளத்தில் வைத்து இழுத்தார். கத்தி பள்ளத்தில் அப்படியே பொருந்தி ஓடியது. பார்க்காமலேயே இழுத்தார். ஐந்தாறு இழுப்பில் நுனியை விரலில் தட்டிப் பார்த்து, “துருப்பிடிச்சிருச்சி, இனிமே ஏறாது,” என்றார்.

“நீங்க இடதுகையா?” என்று டாக்டர் கேட்டார்.

“ஆமாங்க. வேல வாங்குற மண்டோரு ஏசுவாரு. மத்தவங்க பள்ளத்துல வச்சா எனக்குச் சரியா உக்காராது. அதான் எனக்குன்னு ஒரு ஓரமா தீட்டிக்கிட்டேன். இந்தத் தோட்டத்துல நான் ஒருத்திதான் பீச்சாங்கைக்காரி.”

அறிக்கையில் அந்தப் பள்ளத்துக்குத் தனிப் பத்தி உண்டு. சூரியன் உதிக்கும் திசையோடு அதற்கிருந்த தொடர்பை டாக்டர் ஒரு வரைபடத்தோடு விளக்கியிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். இந்தத் தடவை உண்மையாகவே முயன்றேன்.

அவர் கல்லருகே தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். “கையக் குடுங்கம்மா,” என்றார். அந்தப் பெண்மணி தயங்கி இடது கையை நீட்டினார். டாக்டர் கட்டைவிரல் மூட்டை அழுத்தி, மடக்கி, நீட்டிப் பார்த்தார். பிறகு வலது கையையும் பார்த்தார். கல்லைப் பார்த்தபோது இருந்த நடுக்கம் இப்போது இல்லை. நாற்பது வருடம் செய்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

“காலையில எழுந்திரிச்சா மடக்க வருதா?”

“சுடுதண்ணியில வச்சா வரும்.”

“இந்த ஒரு கையில மட்டும்தானே?”

“இது மட்டும்தான்.”

“எவ்வளவு நாள் சீவுனீங்க?”

“கல்யாணம் கட்டி வந்ததுலேருந்து, நாங்க சீவுன கித்தா மரத்தை எல்லாம் சாய்ச்ச வரைக்கும். பையன் வயித்துல இருந்தப்ப மட்டும் லீவு.” பிறகு அவர் கேட்டார்: “டாக்டர் ஐயா, கல்லு பழசுன்னு சொன்னாதானே உங்களுக்குப் பேரு?”

“ஆமாம்மா.”

“அப்ப கஷ்டம்தான்.”

டாக்டர் கொஞ்சம் சிரித்தார். எழுந்திருக்க நான் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல். அதிகாரி நாற்பது வயதுள்ள மலாய்ப் பெண்மணி. கோப்பை முழுவதும் படித்துவிட்டு வந்திருந்தார். அப்படிப்பட்ட அதிகாரி அபூர்வம். கம்பெனி சார்பில் ஓர் இளம் வழக்கறிஞர். டாக்டர் தன் கடிதத்தை எழுந்து நின்று வாசித்தார். கல்லின் வயது பற்றி நாங்கள் எழுதியது தவறு, குடியிருப்பு இல்லை என்ற வரியை விசாரிக்காமலே எழுதினோம், அதைத் திரும்பப் பெறுகிறோம் என்றார். மருத்துவர் என்ற முறையில் ஒன்று சேர்த்துக்கொண்டார்: அந்த இடது கை மூட்டுத் தேய்மானம் பல வருடம் ஒரே வேலையைச் செய்த கைக்கு வருவது, அந்தப் பள்ளத்தில் அந்தக் கை பொருந்துவதை நான் கண்ணால் பார்த்தேன் என்று.

வழக்கறிஞர் எழுந்தார். நாலாயிரம் வருடம் தவறிய ஒருவர் நாற்பது வருடம் பற்றிச் சொல்வதை எப்படி ஏற்பது என்று கேட்டார். நல்ல கேள்வி. நானே படத்துக்கு எழுதியிருக்கக்கூடிய வரி. டாக்டரின் காதுகள் சிவந்தன. ஆனால் குரல் உயரவில்லை. எனக்குத் தெரியாது, தெரிந்தவர் அன்று சொல்லவில்லை, இன்று அவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்றார்.

அதிகாரி என்னைக் கேட்டார். சங்கத்தார் வந்த அன்று நீங்கள் அங்கே இருந்தீர்களா? இருந்தேன். கல் என்னவென்று அப்போது உங்களுக்குத் தெரியுமா? தெரியும். இந்த அம்மா யார் என்று தெரியுமா? தெரியும். பின் ஏன் சொல்லவில்லை?

முப்பது வருடத்தில் விசாரணைகளில் எத்தனையோ பேருக்குப் பதில் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கேள்வி வரும் என்று முந்தைய நாளே தெரியும். மூன்று நாகரிகமான பதில்களும் கைவசம் இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். அந்தப் பெண்மணி மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கட்டைவிரலை வலது கையால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

வேடிக்கைக்காக என்றேன். அவர்கள் ஏமாறுவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது, படம் போடலாம் என்று இருந்தேன்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பதிவேடுகள் எங்கே என்று அடுத்துக் கேட்டார். நான் எரித்தேன் என்று சொல்லிச் சான்றிதழ் நகலைக் கொடுத்தேன். அதில் இருந்த என் கையெழுத்தையும், பிரமாணத்தில் இருந்த கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வழக்கறிஞர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு அதிகாரி தன் முடிவைச் சொன்னார். அறிக்கையை ஆதாரமாக ஏற்பதற்கில்லை. எதிர்த்தரப்பிடம் வேறு ஆதாரம் இல்லை. விஷயம் தெரிந்த நேரடி சாட்சி இருக்கிறார். கூட்டக் குறிப்பில் எல்லாரும் கையெழுத்திட்டதும் அந்த அம்மாவின் பெயர் மாற்று வீட்டுப் பட்டியலில் சேரும்.

குறிப்பைத் தட்டச்சு செய்து கொண்டுவர அரைமணி நேரம் ஆயிற்று. இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தின் நடுவில் என் வாக்கியம் இருந்தது. உண்மை தெரிந்திருந்தும் வேடிக்கைக்காகப் பேசாமல் இருந்ததாகச் சாட்சி ஒப்புக்கொண்டார். அரசாங்கக் காகிதத்தில், என் முழுப் பெயரோடு, அடையாள அட்டை எண்ணோடு.

கையெழுத்துக்கு முன் சாட்சி தன் வாசகத்தில் திருத்தம் கேட்கலாம். அதற்கு உரிமை உண்டு. வேடிக்கைக்காக என்பதைக் கவனக்குறைவால் என்று மாற்றச் சொன்னால் எந்த அதிகாரியும் மறுக்கமாட்டார். பிறருக்காக நானே அப்படி மாற்றி வாங்கியிருக்கிறேன். ஆனால் கவனக்குறைவான சாட்சியின் நினைவுக்கு என்ன மதிப்பு என்று அந்த இளைஞர் மேல்முறையீட்டில் கேட்பார். வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டவனுக்குத்தான் விஷயம் நிச்சயமாகத் தெரிந்திருக்கும். அந்த அம்மாவின் வீடு அந்த ஒரு சொல்லின் மேல் நின்றது. இதெல்லாம் ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. ஆனாலும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

“என்னாங்கையா, அதையே படிச்சிக்கிட்டிருக்கீங்க?” என்றார் அந்த அம்மா. “தப்பா எழுதிட்டாங்களா?”

“இல்லம்மா. சரியாத்தான் எழுதியிருக்காங்க.”

“அப்பறம் என்னாலா? போடுங்க. பன்னெண்டு மணி பஸ்ஸு போயிரும்.”

போட்டேன்.